டோக்கன் முதல் கைச் சென்சார் வரை: எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஏற்காடு சாலையை ஒட்டி இயங்கும் குடும்ப மருத்துவர்களின் கிளினிக் இது. அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி, கோரிமேடு வீடுகளிலிருந்தும், அம்மாப்பேட்டைத் தறிக்கூடங்களிலிருந்தும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலிருந்தும், மலைமேல் காபித் தோட்டங்களிலிருந்தும் எங்களிடம் வருகிறார்கள். சமீபத்தில் சில புதிய கருவிகளும் வசதிகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பற்றியும், வழக்கமான சேவைகளைப் பற்றியும் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

ஊரில் இத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும்போது குடும்ப மருத்துவர் எதற்கு?

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா, தோல் அரிப்பு, மூட்டுவலி, தடுப்பூசி, சிறு காயத்துக்குத் தையல் ஆகியவற்றை இங்கேயே பார்க்கிறோம். ஆனால் எங்கள் முக்கியமான வேலை இந்தப் பட்டியலில் இல்லை. இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று மூன்று நிபுணர்களிடம் போகும் அறுபது வயதுக்காரருக்கு மூவரும் நல்ல மருந்துதான் எழுதித் தருகிறார்கள். அந்த மூன்று சீட்டுகளையும் ஒரே மேஜையில் பரப்பி, மூட்டுக்குக் கொடுத்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகுமா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

புதிய கருவி வாங்கும்போதும் இதே கணக்குத்தான். போன வருடம் நீங்கள் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுமா என்று கேட்போம். காட்டும் என்றால் வாங்குவோம். பார்க்கப் பெரிதாக இருக்கிறது என்பதற்காக எதையும் வாங்கியதில்லை.

முதல் முறை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள். பெயர் எழுதி வர வேண்டாம், அட்டையோடு வேண்டும். பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி எது இருந்தாலும் கூடவே எடுத்து வாருங்கள். கசங்கியிருந்தாலும் மஞ்சள் படிந்திருந்தாலும் பரவாயில்லை. வரவேற்பறையில் அவற்றை ஸ்கேன் செய்து உங்கள் பதிவில் சேர்த்துவிட்டு, அசலைத் திருப்பித் தருகிறோம்.

இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது. நல்ல திட்டம், அந்த மாத்திரைகளைத் தாராளமாகச் சாப்பிடலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அரசு அட்டையில் ‘அம்லோடிபின்’ என்று மருந்தின் பெயரே இருக்கும். கடையில் வாங்கிய அதே மருந்தின் அட்டையில் ஒரு கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்துக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று விழுங்குகிறார்கள். பிறகு கால் வீங்குகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று வருகிறார்கள். பையைக் கவிழ்த்தால் இரண்டே நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

டோக்கன் எப்படி எடுப்பது?

வாட்ஸ்அப்பிலோ போனிலோ எடுக்கலாம், நேரிலும் வரலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு வேளையும் சில டோக்கன்களை ஒதுக்கி வைக்கிறோம். கைக்குழந்தை, எண்பது வயது தாண்டியவர், மூச்சுத் திணறலோடு வருபவர் ஆகியோருக்கு வரிசை கிடையாது. பணம் யுபிஐயிலும் ரொக்கமாகவும் தரலாம்.

வீட்டில் பார்த்தால் பிபி 130, இங்கே வந்தால் 160. எந்தக் கருவி பொய் சொல்கிறது?

பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் காட்டுகின்றன. மருத்துவரைப் பார்த்ததும் சிலருக்கு அழுத்தம் ஏறும். படியேறி வந்த உடனே பார்த்தாலும் ஏறும். அதனால்தான் இப்போது மருத்துவர் அறைக்குள் அழுத்தம் பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் நாற்காலியில் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்கிறோம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்விட்டு வாருங்கள். கைப்பட்டையும் கைக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் அதிகமாகத்தான் காட்டும். எங்களிடம் மூன்று அளவுகள் இருக்கின்றன.

வீட்டுக்குக் கருவி வாங்குவதென்றால் மேற்கையில் கட்டும் வகையை வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். ஏழு நாள் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். கிளினிக்கில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால் வீட்டுச் சராசரிக்கு 135/85. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய, நாங்கள் ஒரு முறை பார்க்கும் அளவைவிட அந்தக் குறிப்புத் தாள் அதிகம் உதவுகிறது.

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லிவிட முடியுமா?

முடியும். எச்.பி.ஏ1சி என்ற அந்தப் பரிசோதனைக்கு இப்போது மேஜைமேல் வைக்கும் சிறிய கருவி வந்துவிட்டது. சில நிமிடங்களில் முடிவு தெரிகிறது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அந்தக் காலத்தில் அவற்றில் ஒட்டிய சர்க்கரையை இது அளக்கிறது. ஆகவே வருவதற்கு முன் இரண்டு நாள் பத்தியம் இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தவறாக வழிகாட்டலாம். இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்திருந்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் சோகை சாதாரணமாக இருப்பதால், முகம் வெளிறியிருப்பவர்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கையில் ஒட்டும் சென்சார் எல்லாச் சர்க்கரை நோயாளிக்கும் தேவையா? அதை ஒட்டினால் மாம்பழம் சாப்பிடலாமா?

எல்லோருக்கும் தேவையில்லை. இன்சுலின் போடுபவர்கள், திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்துப்போகிறவர்கள், எவ்வளவு மருந்து கொடுத்தும் கட்டுக்குள் வராதவர்கள் ஆகியோருக்கு மட்டும் சொல்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் வகை மேற்கையின் பின்பக்கம் ஒட்டப்படுவது, பதினான்கு நாள் வரை இருக்கும். குளிக்கலாம், தூங்கலாம். தோலுக்கடியில் உள்ள நீர்மத்தில் சர்க்கரையை அளப்பதால் ரத்தத்தில் ஏறுவது இதில் தெரியச் சில நிமிடங்கள் தாமதமாகும். சென்சார் ஒரு எண்ணைக் காட்டி, உங்கள் உடம்பு வேறு மாதிரி சொன்னால், விரலில் குத்திப் பாருங்கள்.

மாம்பழத்துக்கு வருவோம். மல்கோவாவும் இமாம்பசந்தும் வீட்டில் மணக்கும் மாதங்களில் சேலத்துக்காரரிடம் ‘தொடவே கூடாது’ என்று சொன்னால் அவர் எங்களிடம் சொல்லாமல் சாப்பிடுவார். சென்சார் ஒட்டியிருக்கும் நாட்களில் ஒரு சோதனை செய்யச் சொல்கிறோம். ஒரு நாள் மதியம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இரண்டு பத்தை சாப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு நாள் சோற்றைப் பாதியாகக் குறைத்து, கூட்டும் பொரியலும் பருப்பும் சாப்பிட்டபின் அதே இரண்டு பத்தை சாப்பிட்டு, பதினைந்து நிமிடம் நடங்கள். இரண்டு நாள் கோடுகளையும் போனில் சேர்த்துப் பாருங்கள். பலருக்கு முதல் நாள் கோடு செங்குத்தாக ஏறும், இரண்டாம் நாள் மெல்ல ஏறி இறங்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டால் அதற்குமேல் எங்கள் உபதேசம் தேவைப்படுவதில்லை.

இதே சோதனையில் பலரைத் திடுக்கிட வைப்பது ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே அது, நார்ச்சத்து இல்லை. நோயாளிக்கு லேசான உணவு என்று நம்பி ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பவர்களின் கோட்டைப் பார்த்தால் மாம்பழம் எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

சர்க்கரைக்கு வந்தால் கண்ணைப் படம் எடுக்கிறீர்கள், காலில் நூலால் குத்துகிறீர்கள். ஏன்?

விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். மங்கத் தொடங்கிய பிறகு வந்தால் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். அதனால் வருடம் ஒரு முறை படம் எடுக்கிறோம், மாற்றம் தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

காலில் வைப்பது பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. கண்ணை மூடிக்கொண்டு ‘இப்போது தெரிகிறது’ என்று சொன்னால் போதும். குழித்தறியில் வெறுங்காலோடு மிதி அழுத்தி நாள் முழுக்க நெய்யும் ஒருவரின் பெருவிரலுக்கடியில் ஆழமான புண் இருந்தது. அவருக்கு வலியே இல்லை. தரையில் ஈரக் கால்தடம் பதிகிறதே என்று கேட்டு அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். நைலான் இழை வைத்தபோது இரண்டு பாதத்திலும் எங்குமே அவருக்கு உணர்வு இல்லை. இந்தப் பரிசோதனைக்கு மின்சாரமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. இங்கிருக்கும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்த இழையைத்தான் வைத்துக்கொள்வோம்.

நெஞ்சு வலித்தால் உங்களிடம் வந்து ஈசிஜி எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை, மூச்சிரைப்பு என்றால் 108-ஐ அழையுங்கள். இதயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் திடீர் அசதியும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

எங்கள் ஈசிஜி கருவி எடுத்த உடனேயே படத்தை இதய நிபுணருக்கு அனுப்பிவிடும். அது படபடப்புக்கும், வருடாந்தரப் பரிசோதனைக்கும், பழைய படத்தோடு ஒப்பிடவும்தான். ஒரு ஈசிஜி சரியாக இருந்துவிட்டால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். கைக்கடிகாரம் காட்டும் ஈசிஜியை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவது இன்னும் ஆபத்தானது. அதை மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யவில்லை.

ஏற்காட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டுமா?

முதல் முறை வாருங்கள். அதன் பிறகு சர்க்கரை, பிபி, தைராய்டு மறுபரிசோதனைகளில் பலவற்றை வீடியோவில் முடித்துவிடலாம். 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி நடத்துகிறோம். மருத்துவரின் பதிவெண் சீட்டில் இருக்கும். தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளைத் திரை வழியாக எழுதித் தர அந்த நெறிகளே அனுமதிப்பதில்லை, எங்களிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். வயிற்றுவலி, குழந்தையின் மூச்சிரைப்பு, புதிதாக வந்த நெஞ்சுவலி ஆகியவற்றுக்குக் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்போது ஏற்காடு அரசு மருத்துவமனைதான் உங்களுக்கு அருகில் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்.

நாகலூர்ப் பக்கத்திலிருந்து குளிர்காலக் காலையில் ‘ஆக்சிஜன் 88 காட்டுகிறது’ என்று பதறி அழைக்கிறார்கள். விரல் ஜில்லென்று இருந்தால், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிக்கு நாடி கிடைக்காது. கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிடம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சமவெளியைவிட ஓரிரு புள்ளி குறைவது இயல்பு. சூடேற்றிய பிறகும் 92-க்குக் கீழே நின்றாலோ, பேச்சு முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் என்று வந்தால் ஊசி போடமாட்டேன் என்கிறீர்கள். அசதிக்குக் குளுக்கோஸும் ஏற்றுவதில்லை. பிறகு எப்படிக் குணமாகும்?

எங்களிடம் அதிகம் வருத்தப்படும் கேள்வி இது. பஸ் பிடித்து, கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு ஊசி இல்லாமல் திரும்பினால் வைத்தியமே நடக்கவில்லை என்று தோன்றுவது எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் போடமாட்டோம். மாத்திரை விழுங்க முடிகிறவருக்குக் காய்ச்சல் ஊசி தருவது பாராசிட்டமால் தருவதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. சில வலி ஊசிகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. தேவையில்லாமல் போட்டுப் பழகினால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது.

ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி. மற்றதெல்லாம் தண்ணீர். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஓஆர்எஸ் கரைசலும், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும், மோரும் அதைவிட நல்லவை. வாந்தி நிற்காமல், சிறுநீர் குறைந்து, நாக்கு வறண்டு வருபவருக்கு நாங்களே ஏற்றுகிறோம்.

காய்ச்சலில் நாங்கள் கூடுதலாகச் செய்வது நாட்களை எண்ணுவதுதான். டெங்குவா என்று பார்க்க முதல் சில நாட்களில் என்எஸ்1 பரிசோதனை, ஐந்து நாளுக்குப் பிறகு ஐஜிஎம். காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாட்கள். ‘விட்டுவிட்டதே’ என்று வேலைக்குக் கிளம்பிவிடாமல் அன்று வாருங்கள். அந்த நாளுக்கு எங்கள் கணினியிலிருந்து உங்கள் போனுக்கு நினைவூட்டல் வரும்.

நாம் பேசுவதைக் கணினி கேட்டு எழுதிக்கொள்கிறதாமே?

நீங்கள் சம்மதித்தால் மட்டும். செயற்கை நுண்ணறிவில் இயங்கும் அந்த மென்பொருள் உரையாடலைக் கேட்டு ஒரு வரைவுக் குறிப்பைத் தயார் செய்கிறது. மருத்துவர் அதைப் படித்துத் திருத்திய பிறகுதான் பதிவில் சேரும். திருத்தாமல் எதுவும் சேராது, ஏனென்றால் அது தவறும் செய்கிறது. ‘அம்மாவுக்குச் சர்க்கரை’ என்று மகள் சொன்னதை மகளுக்கே சர்க்கரை என்று எழுதியிருந்தது. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து முடிவு செய்வதும் மருத்துவர் மட்டுமே. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அணைத்துவிடுகிறோம். காரணம் கேட்கமாட்டோம். நாங்கள் இதை வைத்திருப்பதற்குக் காரணம், தட்டச்சு செய்துகொண்டே திரையைப் பார்த்துப் பேசும் வழக்கம் எங்களுக்கே பிடிக்காமல் போனதுதான்.

ஆபா எண் கட்டாயமா? முதல்வர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுமா?

மத்திய அரசின் டிஜிட்டல் மருத்துவப் பதிவுக்கான ஆபா எண் கட்டாயம் இல்லை. பதினான்கு இலக்கம் கொண்ட அந்த எண் இருந்தால், நீங்கள் அனுமதி கொடுக்கும்போது ஒரு மருத்துவமனையின் பதிவு இன்னொன்றுக்குத் தெரியும். போனுக்கு வரும் ஓடிபியை யாரோ அழைத்துக் கேட்டால் சொல்லாதீர்கள், நாங்கள் போனில் கேட்பதே இல்லை. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. எங்களைப் போன்ற புறநோயாளி கிளினிக்கில் செல்லாது. எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கேட்டால் வழி சொல்கிறோம்.

தறியிலும் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஏதாவது பரிசோதனை உண்டா?

உண்டு. பஞ்சுத் தூசியும் பற்றவைப்புப் புகையும் வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் தன் திறனை மெல்ல மெல்லத்தான் இழக்கும், உங்களுக்கே தெரியாது. ஒரு குழாயில் முழு மூச்சாக ஊதும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை வருடம் ஒரு முறை செய்துகொண்டால் போன வருட ஊதலோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவோம். விசைத்தறிக் கூடத்தில் இருப்பவர்களுக்குக் காதும் சோதிக்கிறோம். இரைச்சலால் போன கேட்கும் திறன் திரும்பி வராது. காதடைப்பான் மலிவானது, இன்றே வாங்கிவிடுங்கள்.

நாய் கடித்தால்? பாம்பு கடித்தால்?

நாய் கடித்தால் முதலில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் தேவை, அதற்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவோம். மீதித் தவணைகளை இங்கே போட்டுக்கொள்ளலாம்.

பாம்புக்கடிக்கு எங்களிடம் வரவே வேண்டாம். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டு வாரமாக இருமல். எக்ஸ்ரே எடுத்தால் போதுமா?

சளிப் பரிசோதனையும் வேண்டும். அது அரசு மையங்களில் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். அதற்குப் பயப்படாதீர்கள். மருந்தும் ஊட்டச்சத்துக்கான பணமும் அந்தப் பதிவின் வழியாகத்தான் உங்களுக்குக் கிடைக்கின்றன.

கர்ப்பிணிகளைப் பார்க்கிறீர்களா?

காய்ச்சல், சளி, தடுப்பூசிக்குப் பார்க்கிறோம். பிரசவக் கவனிப்புக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புகிறோம். எங்கே பார்த்தாலும் உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லக் கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அப்பாவின் ரிப்போர்ட்டை அவனுக்கு அனுப்புவீர்களா?

அப்பா சம்மதித்தால் அனுப்புவோம். யாருக்கு, எதுவரை சொல்லலாம் என்று பதிவின் முதல் பக்கத்திலேயே அவரிடம் கேட்டு எழுதி வாங்குகிறோம். மனைவிக்கும், மகளுக்கும், மருமகளுக்கும் இதே விதிதான். அப்பாவைப் பற்றி எங்களிடம் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வோம். அவர் எங்களிடம் சொன்னதை அவர் அனுமதியின்றிச் சொல்லமாட்டோம்.

படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா?

நகருக்குள் மதியம் வருகிறோம். முதல் நாளே சொல்லிவிடுங்கள். கையடக்க ஈசிஜி, ஆக்சிஜன் அளவி, சர்க்கரைக் கருவி, கட்டு மாற்றும் பொருட்கள் கூடவே வரும். அன்று எடுக்கும் அளவுகளும் அதே பதிவில் சேரும். கட்டிலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் வருமாறு செய்து, மாத்திரைப் பையை எடுத்து வையுங்கள். அவரைப் பகலிலும் இரவிலும் நிஜமாகப் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கட்டும்.